எழுப்பாத பந்தி

பரந்தாமன் தோற்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். தோற்றால் என்ன ஆகும்? வீட்டோடு உட்கார்ந்து மனை விற்பான். ஐந்து வருடம் கழித்து மறுபடியும் கும்பிட்டுக்கொண்டு தெருவுக்கு வருவான். அவன் ஜெயிக்க வேண்டும், சரவெடி கொளுத்த வேண்டும், சட்டசபைக்குப் போகப் புதுச் செருப்பு வாங்க வேண்டும். அதற்கப்புறம் எல்லாம் அவன் கையிலிருந்து பிடுங்கப்பட வேண்டும். என் ஓட்டைக்கூட அவனுக்கே போடலாம் என்றுதான் இருந்தேன்.

எனக்கு ஆவடி பக்கம் சேக்காட்டில் சின்ன ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காது குத்து என்று வீடியோ எடுத்துப் பிழைக்கிறேன். தேர்தல் வந்தால் எங்களைப் போன்றவர்களை அதிகாரிகள் நாள் கூலிக்குக் கூப்பிடுவார்கள். வீடியோ கண்காணிப்புக் குழு என்று அதற்குப் பெயர். ஒரு அதிகாரி, ஒரு போலீஸ்காரர், ஒரு கேமரா, ஒரு ஜீப். வேட்பாளர் எங்கே கூட்டம் போட்டாலும் போய் நாற்காலி, பந்தல், மாலை, ஸ்பீக்கர் பெட்டி என்று ஒன்று விடாமல் எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மாவட்டத்தில் ஒரு விலை நிர்ணயித்து வைத்திருக்கிறார்கள். ஆபீசில் இன்னொரு குழு அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்து, எண்ணி, வேட்பாளர் தலையில் ஏற்றிவிடும். அவர் தன் கையால் என்ன கணக்கு எழுதிக் கொடுத்தாலும் சரி, இந்தக் கணக்கு தனியாக ஏறிக்கொண்டே போகும். வரம்பு நாற்பது லட்சம். தாண்டினால் ஜெயித்தவனையும் கோர்ட்டுக்கு இழுக்கலாம், பதவியைக் கழற்றலாம்.

இதை முதல் நாள் வகுப்பில் சொன்னதுமே, கூலி எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் குழுவுக்கு ஜோதிகா மேடம் தலைவர். கூட்டுறவுத் துறையிலிருந்து வந்தவர். சிரிக்க மாட்டார், யாரிடமும் டீ வாங்கிக் குடிக்க மாட்டார். கேமராவை ஆன் செய்ததும் மைக் அருகே வந்து இடம், தேதி, என்ன நிகழ்ச்சி என்று தன் குரலில் சொல்வார். அந்தக் குரல் இல்லாத படத்தை ஆபீசில் ஏற்க மாட்டார்கள். பரந்தாமனின் கூட்டம் ஒவ்வொன்றுக்கும் போனோம். எவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலையில் தேர்தல் பணித் தொப்பி, முகத்துக்கு முன்னால் கேமரா. கேமராக்காரன் முகத்தை எவன் பார்ப்பான்?

ஆனால் பரந்தாமனுக்கு என்னைத் தெரியும். நன்றாகத் தெரியும். என் தங்கை விஜி அவன் வீட்டு மருமகள்.

விஜியும் அவன் மகன் சரணும் ஆசைப்பட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். என் அப்பா துலுக்கானம் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். சம்பந்தி வீட்டின் காம்பவுண்டு சுவர்கூட எங்கள் வீட்டைவிட உயரம். அதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான், நாங்கள் ஒதுங்கியே இருந்தோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் விஜியின் மகன் அஸ்வினுக்குக் காது குத்து என்று பத்திரிகை வந்தது. அந்த ஒரு நாளைக்கு மட்டும் எங்களை எவனும் ஒதுக்க முடியாது என்று நினைத்தேன். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். கலெக்டரே வந்தாலும் அந்த இடத்தில் உட்கார முடியாது. கால் சவரனில் தோடு வாங்கினேன். அப்பா புது வேட்டி கட்டிக்கொண்டார். பட்டாபிராம் மண்டபத்துக்குச் சீர்த் தட்டோடு போனோம்.

மேடையில் தாய்மாமன் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். கட்சியின் மாவட்டச் செயலாளர். எல்லோரும் அவரை ‘மாவட்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

"மாவட்டம் ஆசைப்படறாரு தம்பி, அவரே உக்காரட்டும்" என்றான் பரந்தாமன். "நீ வீடியோக்காரன்தான? எங்க ஆளு இன்னிக்கு வரல. நல்லா கவர் பண்ணு."

எடுத்தேன். என் இடத்தில் இன்னொருத்தன் உட்கார்ந்து, என் தங்கை மகனை மடியில் வைத்து, அவன் வாங்கி வந்த தோட்டைப் போடுவதை நானே ஃபோகஸ் சரிபார்த்து எடுத்தேன். விஜி தலை குனிந்து நின்றாள். விழா முடிந்ததும் மெமரி கார்டையும் அவன் ஆட்கள் வாங்கிக்கொண்டார்கள்.

அதைக்கூட விட்டுவிடலாம். கீழே பந்தி போட்டார்கள். அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்தார். இலை போட்டு, இனிப்பு வைத்து, பிரியாணியும் விழுந்துவிட்டது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும் நேரத்தில் ஒருத்தன் வந்தான்.

"பெருசு, கொஞ்சம் எந்திரி. மாவட்டத்தோட வந்தவங்க உக்காரணும்."

அப்பா எழுந்தார். சோறு ஒட்டிய கையோடு நின்று, பரந்தாமன் பக்கம் பார்த்தார். அவன் பார்த்தான், வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அப்பா கையைக் கழுவிவிட்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தார். அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் அவர் கை நனைத்ததில்லை. சொந்த அண்ணன் பேத்தி கல்யாணத்தில்கூட மொய் எழுதிவிட்டு வந்துவிட்டார். நானும் அன்றிலிருந்து விஜியோடு பேசவில்லை. அவள் போன் செய்வாள், நான் எடுக்க மாட்டேன்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன்.

வாக்குப் பதிவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பரந்தாமனின் செலவு வரம்பின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. இன்னொரு கூட்டம் போட்டால் போதும், தாண்டிவிடும். அவனுக்கும் அது தெரியும். அதனால் கூட்டம் போடுவதை நிறுத்தியிருந்தான். காலையில் மேடத்துக்குத் தகவல் வந்தது. பட்டாபிராமில் அதே மண்டபத்தில் ஆயிரக்கணக்கில் ஆட்கள், அண்டா அண்டாவாகப் பிரியாணி. போனோம்.

வாசலில் பெரிய பேனர். ‘அஸ்வின் காதணி விழா.’

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாவட்டம் போன வருடம் கட்சி மாறிவிட்டார். மாறிய அன்றே பரந்தாமன் தன் வீட்டு ஹாலில் மாட்டியிருந்த காது குத்துப் படத்தைக் கழற்றினான், பிள்ளையின் காதில் இருந்த தோட்டையும் கழற்றினான். இதை ஆவடியில் டீக்கடைக்கு டீக்கடை சொல்லிச் சிரித்தார்கள். எதிர்க்கட்சிக்காரன் மடியில் குத்திய காது செல்லாது என்று அவன் முடிவு செய்திருக்கிறான். செல்லாத காதைத் திருப்பிக் குத்துவது, அந்தச் சாக்கில் தொகுதிக்கே சோறு போடுவது. வீட்டு விசேஷம் என்றால் தேர்தல் கணக்கில் வராது. வெறும் விருந்து என்றால் இலைக்கு இவ்வளவு என்று அத்தனையும் ஏறும், லஞ்ச வழக்கும் வரும்.

"வாங்கம்மா வாங்க" என்று பரந்தாமன் கும்பிட்டுக்கொண்டே வந்தான். பட்டு வேட்டி, கட்சிக் கரை இல்லாமல் வெறும் ஜரிகைக் கரை. "ஊட்டு விசேஷம். பேரனுக்குக் காது குத்து. கட்சிக் கொடி ஒண்ணாவது கீதான்னு பாருங்க."

இல்லைதான். கொடி இல்லை, மைக் இல்லை, ஓட்டுக் கேட்கும் பேச்சு இல்லை. முதல் பந்தி உட்கார்ந்து இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். மேடம் கேமரா மைக்கில் இடமும் தேதியும் சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"குடும்ப விழான்னா எங்களுக்கு இங்க வேலை இல்ல சார். காது குத்துறதை மட்டும் எடுத்துட்டுக் கிளம்பிடுவோம்."

அவன் தப்பப் போகிறான். அந்தக் காது ஏற்கெனவே குத்திய காது என்று நான் சொல்லலாம், நிரூபிக்க என்ன இருக்கிறது? கார்டு அவனிடம். தோடு கழற்றி வருஷமாகிறது, சின்னப் பிள்ளைக்குத் துளை தூர்ந்து போயிருக்கும். மேடையில் அஸ்வின் காது வரைக்கும் இறங்கிய ஜிகினாத் தலைப்பாகையோடு விஜி இடுப்பில் இருந்தான். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மேடத்தின் காதோரம் குனிந்தேன். "மேடம், தாய்மாமன் யாருன்னு கேளுங்க."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

பரந்தாமன் ஒரு நொடிதான் யோசித்தான். கும்பலில் இருந்து ஒருத்தனை இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தான். "இதோ, விஜய். இவருதான் புள்ளைக்குத் தாய்மாமன்."

முந்தின நாள் வரைக்கும் அவன் பிரச்சார ஜீப்பில் மைக் பிடித்துக் கத்தியவன் அந்த விஜய். நானே படம் எடுத்திருக்கிறேன். மறுபடியும் அதே நாற்காலி, மறுபடியும் எவனோ ஒருத்தன், மறுபடியும் நான் கேமராவோடு. விஜி எப்படியும் தலை குனிவாள் என்று அவள் பக்கம் கேமராவைத் திருப்பினேன்.

அவள் நிமிர்ந்து நின்றாள். "இவுரு எங்க அண்ணன் இல்லீங்க" என்றாள், மண்டபத்துக்கே கேட்கும்படி. "எங்க அண்ணன் தோ, கேமரா வெச்சுகினு நிக்கிறாரு. அவுரு மடியில இல்லாம புள்ளையத் தர மாட்டேன்."

பரந்தாமன் முதல் தடவையாகத் தொப்பிக்குக் கீழே பார்த்தான். வெளிறிப்போனான். அந்த முகத்தை நான் க்ளோசப்பில் வைத்திருக்கிறேன்.

"செல்வகுமார், நீங்க உறவா?" என்றார் மேடம். குரலில் கோபம்.

"ஆமா மேடம்."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"பத்திரிகை வெச்சாத்தான மேடம் உறவு?"

"கேமராவக் குடுங்க. உங்க கையில இருந்தா நாளைக்குக் கோர்ட்டுல இந்தப் படம் நிக்காது." வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். இத்தனை நாளும் நான் எடுப்பதைப் பார்த்தவர்தான், சரியாகவே பிடித்தார்.

அதற்குள் பரந்தாமன் இறங்கி வந்து என் தோளில் கை போட்டான். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்னை வீடியோக்காரன் என்று சொன்ன அதே வாய். "தம்பி! உனுக்காகத்தான் இவ்ளோ நேரம் காத்துகினு கீறோம். வேலையா கீறன்னு நெனச்சோம். வா, வந்து உக்காரு." காதோரமாக, "சாயங்காலம் ஊட்டுக்கு வா, பேசிக்கலாம். மானத்த வாங்கிடாதப்பா" என்றான்.

"ஏறு மச்சான்" என்றான் சரண், பின்னாலிருந்து, பாதிக் குரலில். அவன் எப்போதும் பாதிக் குரல்தான்.

நான் உட்கார்ந்தால் விழா நிஜமாகிவிடும். தாய்மாமன், மடி, ஆசாரி, ஊசி எல்லாம் சரியாக இருக்கும். மேடம் கிளம்பிவிடுவார். உட்காராவிட்டால் மாமன் மச்சான் சண்டை என்று சொல்லி விஜயை உட்கார வைப்பான். எப்படியும் அவன்தான் பிழைப்பான். இரண்டு வருடம் நான் கனவு கண்ட நாற்காலி, அவனைக் காப்பாற்றுவதற்காக எனக்குக் கிடைக்கிறது.

"உக்காருணா" என்றாள் விஜி.

அந்த நிமிஷம் பரந்தாமனைவிட அவள் மேல்தான் எனக்கு ஆத்திரம். சொந்த மாமனாரின் கணக்கைச் சரிக்கட்ட அண்ணனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அப்பா கையில் ஒட்டியிருந்த சோறு இவள் கண்ணில் படவே இல்லையா? பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். உட்கார்ந்தேன். பிள்ளையை என் மடியில் வைத்தாள்.

அவனுக்கு நான் யாரென்றே தெரியாது. என் சட்டைப் பையில் தொங்கிய தேர்தல் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தான். பிறகு தலையைச் சொறிந்தான். "இது அரிக்குது."

"கழட்டுணா" என்றாள் விஜி. அவள் கண்கள் என்னை விட்டு நகரவில்லை.

ஆசாரி, "வேணாம் தம்பி, ஓரமா தூக்கினா போதும், நான் குத்திக்கறேன்" என்று அவசரப்பட்டார். பழைய தழும்பு தெரியக் கூடாது என்று பரந்தாமன் அவரிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும். நான் தலைப்பாகையைக் கழற்றினேன்.

இரண்டு காதிலும் துளை இருந்தது. இரண்டு துளையிலும் வேப்பங்குச்சி. காது குத்திய பிள்ளைக்குத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஈர்க்கு மாதிரிச் சீவிச் செருகுவோமே, அது. பச்சை மாறாத குச்சி. அன்று காலையில்தான் சீவியிருக்க வேண்டும்.

நான் விஜியைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் தலை குனியவில்லை. தோட்டைக் கழற்றிய நாளிலிருந்து ராத்திரியானால் குச்சியைச் செருகி, விடிவதற்குள் உருவி, அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாமல் துளையைத் திறந்தே வைத்திருந்திருக்கிறாள். அவள் போனை நான் எடுக்காத அத்தனை நாளும் அவள் என்னைவிடப் பெரிய வன்மத்தை வளர்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பிள்ளையின் தலையை மெதுவாகத் திருப்பி, கேமராவுக்கு ஒரு காதைக் காட்டினேன். அப்புறம் இன்னொன்று.

"ஐயா, இந்தக் காதுல குத்த முடியுமா?" என்று மேடம் ஆசாரியைக் கேட்டார்.

"ஓட்டை இருக்கிற காதுல எங்கம்மா குத்துறது?" என்றார் அவர், பரந்தாமனைப் பார்க்காமல்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே குத்தியாச்சு மேடம்" என்றாள் விஜி. "இதே மண்டபம். எங்க அண்ணன நிக்க வெச்சுட்டு கட்சிக்காரர் மடியில குத்துனாங்க. எங்க நைனாவ இலையில சோறு போட்டப்புறம் பந்தியில இருந்து எழுப்புனாங்க. இன்னிக்குக் காது குத்து இல்ல. ஓட்டுக்குப் பிரியாணி."

"வாய மூடு விஜி" என்றான் சரண்.

"அன்னிக்கு மூடிகினுதான இருந்தேன்" என்றாள் அவள்.

மேடம் மைக்கில் நிதானமாகச் சொன்னார். "நடைபெறுவது காதணி விழா அல்ல. வேட்பாளர் நடத்தும் விருந்து." பிறகு பரந்தாமனிடம், "இந்த மண்டபம், பந்தல், சாப்பாடு எல்லாம் உங்க தேர்தல் செலவு. இன்னிக்கு வரைக்கும் வந்த கணக்கோட சேர்த்தா வரம்பு தாண்டிடும் சார். கேஸ் தனியா வரும்."

நான் அவன் முகத்தை ஆசை தீரப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு சுகமாக இருந்தது. பிறகு அவன் கண் பந்திப் பக்கம் போனது, வரிசை வரிசையான இலைகளைப் பார்த்தது. ஒவ்வொரு இலையும் அவன் கணக்கு.

"டேய்! எழுப்புங்கடா எல்லாரையும்!" என்று கத்தினான். "இலைய எடுங்கடா! பந்தியே நடக்கல!"

அவன் ஆட்கள் ஓடினார்கள். ஒரு கிழவியின் இலையைப் பிடித்து இழுத்தான் ஒருத்தன். அவள் கையில் பிடி சோறு. நான் பிள்ளையை விஜியிடம் கொடுத்துவிட்டு மேடையிலிருந்து குதித்தேன்.

"யாரும் எந்திரிக்காதீங்க! உக்காருங்க! நல்லா துன்னுங்க! பயப்படாதீங்க!" அந்த இலையைப் பிடுங்கித் திரும்பக் கிழவிக்கு முன்னால் விரித்தேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"உக்காந்தவங்களை எழுப்பக் கூடாது" என்றார் மேடம், கேமராவோடு பின்னாலேயே வந்து. போலீஸ்காரர் லத்தியோடு குறுக்கே நின்றார். "இனிமே யாருக்கும் பரிமாறாதீங்க. போட்ட இலை போட்டபடி இருக்கட்டும். எண்ணணும்."

ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு குனிந்து சாப்பிட்டார்கள்.

நான் வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"நைனா, பட்டாபிராம் மண்டபத்துக்கு வா."

"நான் அங்க கை நனைக்க மாட்டேன்டா."

"நனைக்க வேணாம். வந்து உக்காரு, போதும். விஜிதான் கூப்பிடுது."

"ஆட்டோ புடிச்சு வரேன்" என்றார்.

அவர் வந்தபோது பாதிப் பேர் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை. கடைசி வரிசையின் ஓரத்தில், பரிமாறாத ஒரு இலை கிடந்தது. அதன் முன்னால் போய் உட்கார்ந்தார். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தார். விஜி பிள்ளையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்தாள். அஸ்வின் வெறும் இலையில் விரலால் கோடு போட்டு விளையாடினான். பரந்தாமன் எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். போக வழியில்லை, மேடம் கேட்கும் கையெழுத்துகள் பாக்கி.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்து, கை கழுவிப் போகும் வரை அப்பா அசையவில்லை. யாரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை. மண்டபம் காலியானதும் அவர் பரந்தாமனை நேராகப் பார்த்தார். நல்ல காரியத்தில் இலையைத் தன் பக்கமாகத்தான் மடிப்போம். சாவு வீட்டில்தான் எதிர்ப்பக்கம் மடிப்பது. அப்பா இலையின் கீழ் ஓரத்தைப் பிடித்து, அவனை நோக்கி மடித்தார். பரந்தாமன் பார்த்தான். இந்தத் தடவை வேறு பக்கம் திரும்ப முடியவில்லை.

கேமரா மேடத்தின் தோளில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மைக் அருகே குனிந்து, எப்போதும் பேசும் அதே குரலில் பதிவு செய்தார்.

"கடைசி வரிசை, ஓரத்து இலை. பரிமாறப்படவில்லை. அமர்ந்தவர் தானாக எழுந்தார்."